ஆபரேசனுக்குப் பிறகு சோறு எப்போது?



செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி இந்தப் பகுதிக்குக் கேள்வி எழுதியிருக்கிறார். அவருடைய தாயாருக்கு உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்து ஐந்து வாரம் ஆகிறது. “தண்ணியும் பாலும் கூழுமா குடிச்சி அம்மா பாதியா இளைச்சிட்டாங்க. பார்க்க வர்றவங்க எல்லாம், ஒரு வாய் சோறு குடுக்காம பெத்த தாயைப் பட்டினி போடுறீங்களேன்னு பேசுறாங்க. சோறு எப்ப குடுக்கலாம்?” என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. கேட்காமலே கொடுத்துவிட்டு அவதிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த முறை இதைப் பற்றியே எழுதுகிறேன்.

வேர்வை சிந்தி உழைக்கிற உடம்பு எப்படிப் பருத்துப் போகும் என்று சிலர் கேட்பீர்கள். 2023 ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய கணக்கெடுப்பில், நம் நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 54 பேருக்கு எடை அதிகம் என்று தெரிய வந்தது. நம் இந்தியர்கள் இதில் பின்தங்கி இருக்கவில்லை. இனிப்புநீரிலும் நாம்தான் முன்னால் நிற்கிறோம். காலையில் டின் பால் ஊற்றிய தேத்தண்ணியும் ரொட்டி சானாயும், மத்தியானம் ஒரு மலை சோறு, ராத்திரி இன்னொரு மலை. அன்று நாள் முழுதும் மரம் வெட்டிப் பால் சுமந்தவர் தின்ற அதே சோற்றை, இன்று லோரி ஓட்டுகிறவரும் காவல் வேலை பார்க்கிறவரும் தின்கிறார்கள். எடை ஏறி, இனிப்புநீரும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்து, மருந்துக்கும் அடங்காமல் போகும்போது டாக்டர்கள் இந்த ஆபரேசனைச் சொல்கிறார்கள். இதைச் செய்துகொண்டவர்களைச் சோம்பேறிகள் என்று கேலி பேசுவது தவறு. அது ஒரு நோய்க்குச் செய்கிற வைத்தியம், அவ்வளவுதான்.

என்ன செய்கிறார்கள்? ஒரு சாதாரண இரைப்பை ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழம் போன்ற குழாயாகத் தைத்து விடுவது ஒரு முறை. அதில் 100 முதல் 150 மில்லிலிட்டர்தான் கொள்ளும், ஒரு சின்னக் காப்பிக் கோப்பை அளவு. இன்னொரு முறையில், இரைப்பையின் மேல் நுனியில் கோழி முட்டையை விடச் சிறிய பை ஒன்றை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலில் கொஞ்சம் கீழே கொண்டுபோய் இணைத்து விடுகிறார்கள். சாப்பாடு குறுக்கு வழியில் போகும். உங்கள் வீட்டில் யாருக்காவது செய்திருந்தால் இரண்டில் எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

ஆபரேசன் முடிந்த முதல் ஓரிரு வாரம் தண்ணீர், பால், சூப்பு போன்றவை மட்டும். அடுத்த இரண்டு வாரம் போல, அரைத்துக் கூழாக்கியவை. அதற்குப் பிறகு, கரண்டியால் நசுக்கினால் நசுங்குகிற மெதுவான சாப்பாடு. இரண்டு மாதம் நெருங்கும்போதுதான் வழக்கமான சாப்பாட்டின் பக்கம் திரும்புவது. மருத்துவமனைக்கு மருத்துவமனை ஒரு வாரம் முன்னே பின்னே இருக்கும். உங்களுக்குக் கொடுத்த தாளில் உள்ள கணக்குதான் உங்களுக்குச் சட்டம், பக்கத்து வீட்டுக்காரரின் தாள் அல்ல.

இந்த வரிசையில் சோறு, ரொட்டி, மீ, கிழங்கு ஆகிய மாவுச்சத்துப் பொருள்களைக் கடைசியில் வைக்கிறார்கள். சோறு கெட்டது என்பதற்காக அல்ல. முதல் காரணம் இடம். காப்பிக் கோப்பை அளவு இடத்தில் முதலில் எதைப் போடுவது? உள்ளே தைத்த புண் ஆற வேண்டும், எடை குறையும்போது சதை கரையாமல் இருக்க வேண்டும். அதற்குப் புரதச்சத்து தேவை. நாளுக்கு 60 கிராமாவது வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான். மீன், கோழி, பருப்பு, தௌஹு, தயிர் என்று நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால்தான் 60 வரும். இரண்டு கரண்டி சோறு போட்டு அந்த இடத்தை நிரப்பிவிட்டால் மீனுக்கு எங்கே இடம்?

இரண்டாவது காரணம், நாம் சோறு சாப்பிடுகிற விதம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாம் சோற்றை மெல்வதே இல்லை. குழம்பு ஊற்றிப் பிசைந்து உருட்டி வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு போய்விடும். பிரட்டுக்கு நேரமாச்சு என்று அள்ளிப் போட்டுப் பழகிய தொண்டை இது. பழைய இரைப்பை அதைத் தாங்கியது. புதிய குழாய் தாங்காது. மெல்லாத சோறு ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கட்டியாகி, குறுகலான இடத்தில் அடைத்துக்கொள்ளும். கடையில் விற்கும் மெதுவான வெள்ளை ரொட்டி இன்னும் மோசம். எச்சிலில் நனைந்து, பிசைந்த மாவு உருண்டையாகவே ஆகிவிடும். நெஞ்சுக்குள் கல் வைத்து அழுத்துவது போல் இருக்கும், வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும், விக்கல் வரும், சிலருக்கு மூக்கில் தண்ணி கொட்டும். அப்படி ஆனால் உடனே சாப்பாட்டை நிறுத்துங்கள். எழுந்து மெதுவாக நடக்கட்டும். தண்ணி குடிச்சா இறங்கிடும் என்று தண்ணி கொடுக்காதீர்கள். இறங்க வழியில்லாத இடத்தில் மேலே தண்ணி ஊற்றினால் வாந்திதான் வரும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. அடைத்துக்கொள்கிற சோற்றை விட, அடைக்காமல் போகிற மாவுச்சத்துதான் நாளடைவில் அதிகக் கெடுதி செய்கிறது. தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட், சீனி போட்ட ஜவ்வரிசிக் கஞ்சி, வாயில் கரைகிற முறுக்கு, கெரோப்பொ. இவை வலிக்காது, அடைக்காது, வயிறு நிறைந்த உணர்வையும் தராது. நாள் முழுதும் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே இருக்கும். “எனக்குச் சோறு ஒத்துக்கல, பிஸ்கட் மட்டும்தான் ஒத்துக்குது” என்று சொல்லிக்கொண்டே ஒன்றிரண்டு வருடத்தில் இழந்த எடையைத் திரும்பச் சேர்த்தவர்கள் உண்டு. ஒத்துக்கொள்கிறது என்பதால் அது நல்லது என்று ஆகாது.

குறுக்கு வழி ஆபரேசன் செய்தவர்களுக்குச் சீனி விஷயத்தில் இன்னொரு தொல்லை. இனிப்பும் மாவும் இரைப்பையில் தங்காமல் நேராகக் குடலுக்குள் கொட்டுவதால், சாப்பிட்ட அரை மணிக்குள் நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், வயிறு முறுக்கும், பேதி போகும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி, கை நடுங்கி மயக்கம் வரும். டின் பால் கலந்த தேத்தண்ணி, மைலோ, பாக்கெட்டில் வரும் மூன்றும் கலந்த காப்பி இவைதான் நம் வீடுகளில் முதல் குற்றவாளிகள்.

சரி, எப்படித் தொடங்குவது? சகோதரியின் தாயாருக்கு ஐந்து வாரம் என்றால் இது மெதுவான சாப்பாட்டுக் காலம். சோற்றுக்கு அவசரம் இல்லை. டாக்டரோ உணவு ஆலோசகரோ சரி என்றால், வேகவைத்து நன்றாக மசித்த உருளைக்கிழங்கு அல்லது சீனிவள்ளிக் கிழங்கு ஒரு மேசைக்கரண்டி கொடுத்துப் பார்க்கலாம். ஓட்ஸ் கஞ்சியைப் பாலில் காய்ச்சிக் கொடுக்கலாம், சீனி வேண்டாம். இட்லியில் கால் பங்கைப் பருப்புச் சாம்பாரில் ஊறவைத்து நசுக்கிக் கொடுப்பது பலருக்கு ஒத்துப்போகிறது. எதுவானாலும் ஒரு நாளில் ஒரு புதுப் பொருள்தான். இன்று கிழங்கு கொடுத்து வயிறு சரியாக இருந்தால், இரண்டு நாள் கழித்து இட்லி. இரண்டையும் ஒரே நாளில் கொடுத்து வாந்தி வந்தால் எது காரணம் என்று யாருக்குத் தெரியும்?

சாப்பிடுகிற ஒழுங்கும் முக்கியம். தட்டில் முதலில் மீனோ முட்டையோ பருப்போ. அது உள்ளே போன பிறகு கொஞ்சம் காய். அதற்குப் பிறகும் இடம் இருந்தால்தான் கிழங்கோ சோறோ. நம் பழக்கத்துக்கு இது தலைகீழ். நாம் சோற்றை மலையாகக் குவித்து, மீன் துண்டை ஓரத்தில் வைத்து, அதைக் கடைசி வாய்க்கு மிச்சம் பிடிப்பவர்கள்! இப்போது மீன்தான் சாப்பாடு, சோறு தொட்டுக்கொள்ள.

சோற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். தொடங்கும்போது புழுங்கல் அரிசியைக் குழைய வேகவைத்து, கெட்டிப் பருப்போடு மசித்து, இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போகாமல், டீக்கரண்டியால் எடுத்துச் சாப்பிடட்டும். கையால் பிசைந்தால் பழைய உருண்டை அளவு தானாக வந்துவிடும். ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது தடவை மெல்ல வேண்டும். மாவுச்சத்து செரிக்கத் தொடங்குவதே வாயில் ஊறும் எச்சிலில்தான். சோற்றை ரசமாகக் கரைத்துக் குடிக்கக் கூடாது. சாப்பாட்டோடு தண்ணீரும் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து மிடறு மிடறாகக் குடிக்கலாம். போதும் என்று தோன்றிய பிறகு வைக்கிற ஒரு கரண்டிதான் வாந்தியாக வெளியே வரும். தட்டில் மிச்சம் வைப்பது பாவம் என்று வளர்ந்தவர்கள் நாம். ஆகவே தட்டில் போடும்போதே குறைத்துப் போடுங்கள்.

ரொட்டி வேண்டுமானால் மெதுவானதை விட, காயவைத்து மொறுமொறுப்பாக வாட்டியது நல்லது. மென்றால்தான் இறங்கும். சப்பாத்தியைத் தோலாக மெல்லிசாகத் தட்டி ஒரு சிறு துண்டு. ரொட்டி சானாய் எண்ணெயும் மைதாவும் ஒட்டுகிற ஒட்டும் சேர்ந்தது, அதைப் பல மாதத்துக்கு மறந்து விடுங்கள். மீ, மீகூன் நீளமாக இருப்பதால் மெல்லாமல் உறிஞ்சிவிடுவோம். பிற்பாடு சாப்பிடும்போது கத்திரியால் பொடியாக வெட்டிக்கொள்ள வேண்டும். மரவள்ளிக்கிழங்கு கனமானது, பிசினாக ஒட்டும், அதுவும் கடைசி வரிசையில்தான். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அந்தக் கிழங்கைத் தின்றுதான் நம் முன்னோர் பலர் உயிர் பிழைத்தார்கள். அதன் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனாலும் இந்த வயிற்றுக்கு அது இப்போது வேண்டாம்.

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் இந்த ஆபரேசனைச் செய்துகொண்டு வீட்டுக்கு வந்தார். மூன்றாவது வாரம், பார்க்கச் சகிக்காமல் வீட்டில் ரசம் சோறு கொடுத்துவிட்டார்கள். வாந்தி வந்தது. மறுநாளும் வந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் குடித்தாலும் வாந்திதான். ஆபரேசன் செய்தா வாந்தி வரத்தான் செய்யும் என்று இருந்துவிட்டார்கள். ஆள் துவண்டு போனதும் தெம்புக்கு என்று குளுக்கோஸ் மாவைக் கரைத்துக் கொடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் அந்த அம்மாளால் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. ஒருவர் இருவராகத் தெரிகிறார் என்றார். ஒரு நாள் காலையில் சொந்த மகனின் பெயரை மாற்றிச் சொன்னார். காற்று கருப்பு என்று தாயத்துக் கட்டப் போனவர்களைத் தடுத்து, மகன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினான். அங்கே இருந்த இளம் டாக்டர் ஆபரேசன் விவரத்தைக் கேட்டதும், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே வைட்டமின் பி1 ஊசியைப் போட்டார். கண் சில நாளில் தெளிந்தது. கால் தெளிய மாதங்கள் ஆயின. இன்றும் படியேறும்போது கைப்பிடி வேண்டும்.

அவருக்கு வந்தது வைட்டமின் பி1 குறைவு. தயமின் என்றும் சொல்வார்கள். சோற்றையும் சீனியையும் உடம்பு எரித்துச் சக்தியாக்குவதற்கு இந்தச் சத்து கட்டாயம் வேண்டும். உடம்பில் இதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். சாப்பாடும் இல்லை, உள்ளே போனதும் வாந்தியாகிறது என்றால் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் வெறும் குளுக்கோஸ் கொடுத்தால், மிச்சம் மீதி இருப்பதையும் அது செலவழித்துவிடும். மூளையும் நரம்பும் அடிபடும்.

இதற்கும் நம் மலாயாவுக்கும் பழைய உறவு உண்டு. நூறு வருடத்துக்கு முன் இங்கே பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைக் கொன்றது. கால் வீங்கும், மரத்துப் போகும், இதயம் நின்றுவிடும். நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த பிராடன் என்ற டாக்டர் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு இந்த நோய் வருகிறது, புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அநேகமாக வருவதில்லை. 1905, 1906 ஆம் ஆண்டுகளில் பிளெட்சர் என்பவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு பாதிப் பேருக்கு வெள்ளை அரிசியும் மறு பாதிக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசர், ஸ்டான்டன் இருவரும் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட வந்த ஜாவாத் தொழிலாளர்களிடம் அதையே சோதித்து, 1909 இல் முடிவை வெளியிட்டார்கள். நோய்க்குக் காரணம் வெள்ளை அரிசியே என்று தெளிவானது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் உள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அதில் நல்ல பங்கு அரிசியிலேயே தங்குகிறது. நம் பாட்டன்மார் கப்பலில் வந்தும் விடாமல் கேட்டுத் தின்ற அரிசிதான் அவர்களைக் காப்பாற்றியது. தொழிலாளியின் உடம்பை வைத்துக் கண்டுபிடித்த அறிவு இது. தொழிலாளியின் வீட்டுக்கு அது வந்து சேர வேண்டாமா?

ஆனால் ஒன்று. இரண்டு கரண்டி புழுங்கல் சோற்றில் இருக்கிற பி1 இப்போது போதாது. மருத்துவமனையில் கொடுக்கிற வைட்டமின் மாத்திரைகளை ஆயுள் முழுதும் விடாமல் சாப்பிட வேண்டும். பி1 மட்டுமல்ல, பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் அதில் சேரும். “நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை” என்று நிறுத்தியவர்கள் ஒரு வருடம் கழித்து ரத்தசோகையோடு வருகிறார்கள்.

வாந்தி இரண்டு நாளைத் தாண்டினால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஒரு நாள் முழுதும் தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் இரண்டு நாள் காத்திருக்கவும் வேண்டாம். தைத்த இடம் சுருங்கியும் இருக்கலாம், அதைக் குழாய் விட்டுப் பார்த்துத்தான் சரி செய்ய முடியும். கால் தள்ளாடினாலோ, கண் இரட்டையாகத் தெரிந்தாலோ, பேச்சு தடுமாறினாலோ அந்த மணி நேரமே புறப்படுங்கள். ஆபரேசன் ஆன முதல் வாரங்களில் காய்ச்சல், விடாத வயிற்று வலி, வேகமான நெஞ்சுத் துடிப்பு வந்தாலும் அப்படியே. அங்கே முதலில் பார்க்கிற மிஸ்ஸியிடம் மூன்று விஷயத்தைச் சொல்லுங்கள்: என்ன ஆபரேசன், எந்தத் தேதி, எத்தனை நாளாக வாந்தி. “குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முந்தி பி1 போடணுமான்னு டாக்டரைக் கேளுங்க” என்று மரியாதையாகச் சொல்வதில் தவறே இல்லை.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மலை சோறு தின்ற காலத்தில் எழுதிக் கொடுத்த இன்சுலினும் மாத்திரையும், இரண்டு கரண்டி கூழ் குடிக்கிற உடம்புக்கு அதிகமாகிவிடும். சர்க்கரை இறங்கி மயக்கம் போட்டு விழுந்தவர்கள் உண்டு. ஆபரேசன் முடிந்து வீட்டுக்கு வரும்போதே புதிய அளவை எழுதி வாங்குங்கள். தானாகக் கூட்டுவதும் கூடாது, குறைப்பதும் கூடாது. ரத்தக் கொதிப்பு மருந்துக்கும் இதே பேச்சுதான்.

வேலைக்குத் திரும்புகிறவர்கள் முதல் ஒரு மாதம், ஒன்றரை மாதம் பாரம் தூக்கக் கூடாது. செம்பனைக் குலை ஒவ்வொன்றும் பத்து இருபது கிலோ இருக்கும். இலேசான வேலைக்கு டாக்டரிடம் கடிதம் வாங்கி அலுவலகத்தில் கொடுங்கள். மறுத்தால் சங்கக் கிளைச் செயலாளரிடம் கடிதத்தின் நகலைக் காட்டுங்கள். காட்டில் வேர்த்து ஊற்றும்போது ஒரே மூச்சில் போத்தல் தண்ணியைக் குடிக்கவும் முடியாது. ஆகவே தாகம் எடுக்கும் வரை காத்திராமல், அடிக்கடி ஒரு மிடறு. பசியாற ஒரு அவித்த முட்டையும், டப்பாவில் நசுக்கிய பருப்பும் எடுத்துப் போகலாம். சிலருக்குப் பல மாதம் பசியே தெரியாது. வெட்டி எடுத்த பகுதியில்தான் பசியைக் கிளப்பும் சுரப்பி நீர் பெருமளவு ஊறியது. பசிக்கவில்லை என்று சாப்பிடாமல் இருந்துவிடக் கூடாது, மணி பார்த்துச் சாப்பிட வேண்டும்.

கேள்வி எழுதிய சகோதரிக்கு: அம்மாவை அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப் போகும்போது, ஒரு வாரமாக என்ன சாப்பிட்டார், எத்தனை கரண்டி, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி எடுத்துப் போங்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் உறையோடு கொண்டு போங்கள். பார்க்க வருகிறவர்கள் சோற்றைப் பற்றிப் பேசினால், “டாக்டர் தேதி குடுத்திருக்காங்க அத்தை, அன்னைக்கு நீங்களே வந்து முதல் வாய் ஊட்டுங்க” என்று சொல்லுங்கள். ஊட்டுவது டீக்கரண்டியால் இருக்கட்டும்.